புழுவின் பக்கம் நின்று யோசித்த மருத்துவர்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கு ரத்தம் எடுக்க வருகிறவர்கள் இரவில்தான் வருவார்கள். சாப்பிட்டு முடித்துப் பாய் விரித்த பிறகு கதவு தட்டப்படும். ஒருவர் கையில் டார்ச், இன்னொருவர் கையில் கண்ணாடிச் சில்லுகள் அடுக்கிய மரப்பெட்டி. விரல் நுனியில் ஒரு குத்து, சில்லில் ஒரு இழுப்பு, பஞ்சால் ஒரு துடைப்பு. தூக்கம் கெட்ட எரிச்சலில் அப்பாயி வாசலிலேயே சண்டைக்கு நிற்பார்.

"பகல்ல வந்து எடுத்தா என்னய்யா கொறஞ்சு போச்சு?"

"பகல்ல வந்தா புழு சிக்காது ஆயா. அது ராத்திரியிலதான் வெளிய வரும்."

அப்பாயி நம்பவில்லை. நானும் நம்பவில்லை. ரத்தத்துக்குள் இருக்கிற புழுவுக்குப் பகல் எது, ராத்திரி எது? இதே கேள்வியைக் கேட்டு லண்டனின் மருத்துவர்களும் சிரித்திருக்கிறார்கள் என்று வெகு காலம் கழித்துத்தான் படித்தேன். அந்தப் புழுக்கள் சட்டைப்பையில் கடிகாரம் வைத்திருக்கின்றனவா என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டதாகச் சொல்வார்கள். கிண்டலுக்கு ஆளானவர் பேட்ரிக் மேன்சன்.

ஸ்காட்லாந்தில் ஓல்ட்மெல்ட்ரம் என்ற சிற்றூரில் 1844-இல் பிறந்தவர். அபர்தீனில் மருத்துவம் படித்துவிட்டு, 1866-இல் சீனச் சுங்கத் துறையின் மருத்துவ அலுவலராகத் தைவான் தீவுக்குப் போனார். 1871-இல் எதிர்க்கரையில் இருந்த அமாய் துறைமுகத்துக்கு மாறினார். இன்று அந்த ஊரின் பெயர் ஷியாமென். கப்பல் மாலுமிகளைப் பார்ப்பது உத்தியோகம். அதோடு உள்ளூர்ச் சீனர்களுக்கான மருத்துவமனையிலும் வேலை செய்தார். அங்கே வரிசையில் நின்றவர்களில் பெரும் பகுதி யானைக்கால்காரர்கள், ஓதம் கண்டவர்கள், நடக்கவே முடியாத அளவுக்கு விரைப்பை வீங்கித் தொங்கியவர்கள். மேன்சன் கத்தியை எடுத்தார். மூன்று ஆண்டுகளில் அவர் வெட்டி எடுத்த சதையின் எடை ஒரு டன்னைத் தாண்டும் என்று ஒரு கணக்கு உண்டு.

எத்தனை பேருக்கு வெட்டினாலும் வரிசை குறையவில்லை. அறுவை செய்யும் கையில் திறமை இருந்தது. நோய் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தெரியவில்லை. 1875 வாக்கில் விடுப்பில் லண்டன் வந்தவர் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் உட்கார்ந்து கிடைத்ததையெல்லாம் படித்தார். கல்கத்தாவில் டிமோதி லூயிஸ் என்ற ராணுவ மருத்துவர் மனித ரத்தத்தில் நெளியும் நுண்புழுக்களைக் கண்டதாக 1872-இல் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. அதற்கு முன்பே பிரேசிலின் பாஹியாவில் ஓட்டோ வூக்கரர், பால்போல் வெளுத்த சிறுநீரில் இதே புழுவைப் பார்த்திருந்தார். லூயிஸுக்குப் பிறகு, 1876-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜோசப் பான்கிராஃப்ட் வளர்ந்த புழுவையே கண்டெடுத்தார். இன்று அந்தப் புழுவின் பெயர் வூக்கரேரியா பான்கிராஃப்டி. பெயரில் மேன்சனுக்கு இடமில்லை. ஆனால் அந்தப் பெயரில் இருக்கிற இருவரும் கேட்காத ஒன்றை அவர் கேட்டார்.

மருத்துவர் கேட்கிற வழக்கமான கேள்வி, இந்தப் புழு நோயாளியை என்ன செய்கிறது என்பது. மேன்சன் கேட்டது, இந்தப் புழு எப்படிப் பிழைக்கிறது என்பது. பறவையையோ மீனையோ பார்க்கிற இயற்கையியலாளர் கேட்கிற கேள்வி அது: எங்கே குடியிருக்கிறது, எங்கே குஞ்சு பொரிக்கிறது, குஞ்சு வளர எங்கே போகிறது? புழுவை எதிரியாகப் பார்க்காமல் ஒரு ஜீவனாகப் பார்த்ததுதான் அவருடைய தொடக்கம் என்று நினைக்கிறேன்.

கணக்கு இப்படிப் போயிற்று. தாய்ப்புழு நூலிழை போல, எட்டு பத்து சென்டிமீட்டர் நீளத்தில், நிணநீர்க் குழாயில் கிடக்கிறது. அது ஈனும் குஞ்சுகள் கால் மில்லிமீட்டர் அளவுதான். ரத்தத்தில் லட்சக்கணக்கில் மிதக்கின்றன. அத்தனையும் அதே உடம்பில் வளர்ந்தால் புழுக்கூட்டத்தின் எடை மனிதனின் எடையை மிஞ்சிவிடும். மனிதன் செத்தால் புழுவும் சாகும். வம்சம் அத்தோடு முடியும். அப்படி நடக்கவில்லை. ஆகவே குஞ்சுகள் இங்கே வளர்வதற்காக வரவில்லை, வெளியேறக் காத்திருக்கின்றன. ஆனால் அவற்றுக்குத் தோலைத் துளைக்கிற உறுப்பு கிடையாது. போதாததற்கு ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய உறைக்குள் வேறு இருக்கிறது, கடிக்கிற மாட்டுக்கு வாய்க்கூடு கட்டிவிட்டதைப் போல. தானாக வெளியே வர முடியாதென்றால், வேறு யாரோ வந்து எடுத்துப் போக வேண்டும்.

யார்? ரத்தம் குடிக்கிறவை பல. பேன், தெள்ளுப்பூச்சி, மூட்டைப்பூச்சி, அட்டை. இவற்றில் பல குளிர்நாட்டிலும் உண்டு, வெயில்நாட்டிலும் உண்டு. யானைக்கால் வெப்ப நாடுகளில் மட்டும் இருக்கிறது. நோயின் வரைபடத்தோடு ஒத்துப்போகிற ரத்தக்குடியன் கொசுதான். ஒரு நோயாளியைத் தொடாமலே, வரைபடத்தை மட்டும் வைத்து அவர் வந்து சேர்ந்த இடம் இது.

சோதனைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. மேன்சனின் தோட்டக்காரர் ஹின்லோவின் ரத்தத்தில் புழு இருந்தது. 1877 ஆகஸ்டில் ஒரு கொசு அறை கட்டி அதில் ஹின்லோவைப் படுக்க வைத்தார். விளக்கு எரியும், கதவு திறந்திருக்கும், கொசுக்கள் உள்ளே வரும்; பிறகு கதவை அடைத்துவிடுவார்கள். விடிந்ததும் வயிறு புடைத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கிற கொசுக்களை மதுக்கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்து, புகையிலைப் புகையால் மயக்கிக் குப்பிகளில் அடைத்தார்கள். மேன்சன் ஒவ்வொன்றாகக் கிழித்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். கொசுவின் வயிற்றில் புழுக்குஞ்சுகள் செரித்துப் போகவில்லை. உயிரோடு துள்ளின. அடுத்தடுத்த நாள்களின் கொசுக்களில், குஞ்சு தன் உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு இரைப்பையைத் துளைத்து, நெஞ்சுப் பகுதித் தசைக்குள் புகுந்து, தடித்து, வாயும் குடலும் கொண்டதாக வளர்வதைப் பார்த்தார். மனித நோய் ஒன்றின் கிருமிக்குப் பூச்சியின் உடம்பில் ஒரு வாழ்க்கை உண்டு என்று உலகத்தில் யாரும் அதற்கு முன் காட்டியதில்லை.

ஹின்லோ இதற்குச் சம்மதித்தாரா, கூலி வாங்கினாரா என்பதையெல்லாம் அறிவியல் கட்டுரைகள் எழுதிவைப்பதில்லை. ஒரு வெள்ளைக்காரத் துரை தன் தோட்டக்காரரைக் கொசுவுக்குக் கடிக்கக் கொடுத்தார் என்பதுதான் நடந்தது. நவீன வெப்பமண்டல மருத்துவத்தின் முதல் படி ஒரு சீனத் தொழிலாளியின் முதுகில் வைக்கப்பட்டது. அதைச் சொல்லாமல் மேன்சனின் புகழை மட்டும் பாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதே காலத்தில்தான் ராத்திரி விஷயமும் தெரிய வந்தது. ரத்தம் பார்க்க மேன்சன் பழக்கிய உதவியாளர்களில் ஒருவர் பகலில் பார்த்தார், இன்னொருவர் இரவில். இரவில் பார்த்தவருக்கு மட்டும் புழு ஏராளமாகக் கிடைத்தது. பகல்காரர் அசட்டையாகப் பார்க்கிறார் என்று முடிவு கட்டியிருக்கலாம். மேன்சன் அப்படி முடிவு கட்டவில்லை. ஒரே ஆளின் ரத்தத்தைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, வாரக்கணக்கில் எடுத்துப் பார்க்க வைத்தார். பொழுது சாயச் சாயப் புழுக்கள் தோலோர ரத்தத்துக்கு வரத் தொடங்குகின்றன, நள்ளிரவை ஒட்டி உச்சத்துக்குப் போகின்றன, விடியும்போது காணாமல் போகின்றன. கடிகாரக் கிண்டல் இதற்குத்தான் எழுந்தது.

ஆனால் புழுவின் பக்கம் நின்று பார்த்தால் இதில் வேடிக்கை எதுவும் இல்லை. நம் ஊர்ச் சாக்கடைகளில் பெருகும் கியூலெக்ஸ் கொசு கடிப்பது இரவில், அதிலும் நடுநிசியை ஒட்டி. வண்டி வருகிற நேரத்துக்குத்தானே பயணி நிறுத்தத்துக்கு வந்து நிற்பார்! பசிபிக் தீவுகளான சமோவா, ஃபிஜி பக்கம் இதே புழு பகலிலும் ரத்தத்தில் திரிகிறது. அங்கே அதைச் சுமப்பது தேங்காய் ஓட்டிலும் மரப்பொந்திலும் தேங்கிய நீரில் வளர்ந்து பகலில் கடிக்கிற ஏடிஸ் கொசு. வண்டி நேரம் மாறினால் பயணியின் நேரமும் மாறுகிறது.

பகலில் அவை எங்கே போகின்றன? மேன்சன் கவனித்துவந்த ஒரு நோயாளி, பின்னாளில் லண்டனில், ஒரு காலைப் பொழுதில் விஷம் குடித்து இறந்துபோனார். உடலைத் திறந்து பார்த்தபோது புழுக்குஞ்சுகள் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் குவிந்து கிடந்தன. பகலில் அவை தூங்கவில்லை, நுரையீரலில் பதுங்கியிருக்கின்றன. 1881-இல் ஸ்டீபன் மெக்கன்சி என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பகலில் தூங்கவும் இரவில் விழித்திருக்கவும் வைத்தார். சில நாள்களில் புழுக்கள் பகலில் வெளிவரத் தொடங்கின. ஆக, புழு சூரியனைப் பார்த்து நேரம் அறியவில்லை. நம் உடம்பின் உறக்க விழிப்பைத்தான் அது கடிகாரமாக வைத்திருக்கிறது. எங்கள் வாசலில் அந்த ஊழியர் சொன்னது ஏறக்குறைய சரி.

மேன்சனின் கண் எதிலெல்லாம் விழுந்தது என்பதற்கு இன்னொரு சம்பவம். ஒருமுறை ஒரு சீன அதிகாரி வேறேதோ உபாதைக்காக அவரைப் பார்க்க வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே காறி மேன்சனின் கம்பளத்தில் துப்பினார். வேறு யாராவது முகம் சுளித்திருப்பார்கள். மேன்சன் அந்தச் செந்நிறச் சளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். அதில் ஏதோ புழுவின் முட்டைகள். தைவானில் இறந்துபோன ஒரு போர்ச்சுக்கீசியரின் நுரையீரலில் ரிங்கர் என்ற மருத்துவர் 1879-இல் ஒரு தட்டைப்புழுவைக் கண்டிருந்தார். உயிரோடு இருக்கும் மனிதரின் சளியில் அதன் முட்டையைக் கண்டது இவர். முட்டைகளைத் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார். ரோமம் போர்த்த குஞ்சுகள் பொரிந்து நீந்தின. நீந்துகிறதென்றால் அது நீரில் யாரையோ தேடுகிறது. நன்னீர் நத்தையாக இருக்கலாம் என்று எழுதினார். பல ஆண்டுகள் கழித்து அது நத்தைதான் என்று உறுதியாயிற்று. அதற்கடுத்த வீடு நண்டு. நன்றாக வேகாத நண்டின் வழியே புழு மனிதனுக்கு வந்து சேர்கிறது.

இவ்வளவு கூர்மையானவர் யானைக்காலில் ஒரு பெரிய தவறும் செய்தார். கொசுவுக்குள் போன புழு மறுபடி மனிதனுக்கு எப்படி வருகிறது? கொசு வாழ்நாளில் ஒரே முறைதான் ரத்தம் குடிக்கும், நான்கைந்து நாளில் தண்ணீரில் முட்டையிட்டுச் செத்துவிடும் என்று அக்காலப் புத்தகங்கள் சொல்லின. அவர் அடைத்து வைத்த கொசுக்களும் சீக்கிரம் செத்தன, ஏனென்றால் அவற்றுக்கு யாரும் இரை வைக்கவில்லை. ஆகவே செத்த கொசு தண்ணீரில் கரைய, புழு அதில் நீந்த, அந்தத் தண்ணீரை மனிதன் குடிக்கிறான் என்று முடிவு கட்டினார். மருத்துவத்தில் அவர் பிழை செய்யவில்லை. கொசுவின் வாழ்க்கையைத்தான் அரைகுறையாகத் தெரிந்துவைத்திருந்தார். புழுவின் பக்கம் நின்று யோசித்தவர் கொசுவின் பக்கம் ஒரு நாள் நின்றிருந்தால் போதும்.

பிரிஸ்பேனில் ஜோசப் பான்கிராஃப்டின் மகன் தாமஸ் அதைத்தான் செய்தார். கொசுவுக்கு வாழைப்பழம் கொடுத்து வாரக்கணக்கில் உயிரோடு வைத்திருந்தார். அப்படி வளர்ந்த கொசுக்களை லண்டனுக்கு அனுப்ப, மேன்சனின் மாணவர் ஜார்ஜ் கார்மைக்கேல் லோ 1900-இல் மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தார். முழுதாக வளர்ந்த புழு கொசுவின் ஊசிவாய்க்குள் வந்து வரிசையில் நின்றது. அதே ஆண்டு இந்தியாவில் பணியாற்றிய எஸ். பி. ஜேம்ஸும் இதையே கண்டார். கொசு கடிக்கும்போது புழு தோலின் மேல் இறங்கி, கடித்த துளை வழியே உள்ளே போகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் தான் சொல்லிவந்தது தவறென்று மேன்சன் ஒப்புக்கொண்டார்.

இந்தத் தவறு மலேரியா கதையிலும் புகுந்தது. ஹாங்காங்கில் சில ஆண்டுகள் இருந்து, அங்கே 1887-இல் சீனர்களுக்கான மருத்துவக் கல்லூரி தொடங்குவதில் முன்னின்று அதன் முதல் தலைவராகவும் இருந்துவிட்டு, லண்டன் திரும்பியிருந்தார் மேன்சன். (அந்தக் கல்லூரியின் முதல் மாணவர்களில் ஒருவர் சுன் யாட்-சென். 1896-இல் லண்டன் சீனத் தூதரகம் அவரைக் கடத்தி அடைத்து வைத்தபோது மீட்க ஓடியவர்களில் மேன்சனும் ஒருவர்.) 1894-இல் அவரைப் பார்க்க வந்தார் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த ராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ். மலேரியா ஒட்டுண்ணியை ராஸின் கண்ணில் முதன்முதலாகக் காட்டியவர் மேன்சன்தான். ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்ததும் அந்த ஒட்டுண்ணி சாட்டை போன்ற இழைகளை வீசுவதை அவர் யானைக்கால் புழு உறை கழற்றுவதோடு ஒப்பிட்டார். வெளியே வந்த பிறகு விழித்துக்கொள்கிறதென்றால் அதற்கு வெளியே ஒரு வாழ்க்கை இருக்கிறது. கொசுவில் தேடு என்றார். இழைகளைப் பற்றிய விளக்கம் தவறு, அவை ஆண் அணுக்கள். காட்டிய திசை சரி.

ராஸ் தேடினார். குருவின் வாக்குப்படி, கொசு செத்த தண்ணீரை ஆள்களுக்குக் குடிக்கவும் கொடுத்துப் பார்த்தார். ஒருவருக்குக் காய்ச்சல் வந்து, அது வேறு குழப்பமாயிற்று. 1897 கோடையில் நீலகிரியில் சீகூர் மலைப்பாதைப் பக்கம் கொசு தேடப் போனவர் தாமே மலேரியாவில் விழுந்தார். அந்த ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் அனாஃபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணியைக் கண்டார். இருவருக்கும் இடையே 173 கடிதங்கள் ஓடியிருக்கின்றன. 1902-இல் நோபல் பரிசு ராஸுக்கு மட்டும் கிடைத்தது. பிற்காலத்தில் இருவருக்கும் மனக்கசப்பு வந்தது வேறு கதை.

1899-இல் லண்டன் துறைமுகத்தின் ஓரத்தில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி தொடங்கியதும் மேன்சனின் முயற்சியால்தான். குடியேற்ற நாடுகளில் துரைமார்கள் காய்ச்சலில் சாகாமல் இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் கவலை. பணம் அதற்காகத்தான் வந்தது. வந்த பணத்தில் அவர் மருத்துவ மாணவர்களுக்குக் கொசுவை இனம் பிரிக்கக் கற்றுக்கொடுத்தார்.

அவர் போட்ட கணக்கின் மேல்தான் இன்றும் யானைக்கால் ஒழிப்பு நடக்கிறது. 2004 முதல் நம் நாட்டில் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக டி.இ.சி. மாத்திரை கொடுத்தார்கள். "எனக்குத்தான் கால் வீங்கலையே, எதுக்கு மாத்திரை?" என்று கேட்காத வீடு இருந்திருக்காது. வீங்கிய காலுக்கு அந்த மாத்திரை பெரிதாக எதுவும் செய்யாது. நாள்பட்ட வீக்கம் மாத்திரையால் வடிவதில்லை. அது ரத்தத்தில் திரியும் குஞ்சுகளைக் கொல்கிறது. தாய்ப்புழு பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும், ஆனால் அதற்கும் ஆயுள் சில ஆண்டுகள்தான். அத்தனை ஆண்டுகளும் ஊர் முழுக்க ரத்தம் சுத்தமாக இருந்தால், கொசு கடிக்கும், குடிக்கும், ஆனால் சுமந்துபோக எதுவும் இருக்காது. தாய்ப்புழு வாரிசில்லாமல் சாகும். மாத்திரை விழுங்குகிறவர் தனக்காக மட்டும் விழுங்குவதில்லை. இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் பலர் அதை வாங்கிச் சன்னலுக்கு வெளியே எறிந்திருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

புழுவுக்குள்ளும் ஒரு குடித்தனம் உண்டு என்பது மேன்சன் அறியாதது. வூக்கரேரியாவின் உடம்புக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா வாழ்கிறது. டாக்சிசைக்ளின் என்ற சாதாரண ஆன்டிபயாட்டிக் கொடுத்து அதைக் கொன்றால், தாய்ப்புழு மலடாகி மெல்லச் செத்துப்போகிறது. கேள்விப்பட்டிருந்தால் மேன்சன் மிகவும் ரசித்திருப்பார்.

அவர் பெயர் ஒரு கொசு இனத்துக்குச் சூட்டப்பட்டிருக்கிறது: மான்சோனியா. மற்றக் கொசுக்களின் புழுக்கள் மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வரும். எண்ணெய் ஊற்றினால் மூச்சுமுட்டிச் சாகும். மான்சோனியாவின் புழு மேலே வருவதே இல்லை. குளத்தில் முட்டைக்கோசு போல மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரில் தன் குழலைக் குத்தி, செடிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. யானைக்காலின் இன்னொரு வகையான புரூகியா மலாயி புழுவை இந்தக் கொசு பரப்புகிறது. கேரளத்தின் சேர்த்தலைப் பக்கமும் இலங்கையிலும் அந்த வகை இருந்தது. அங்கே கொசுவைக் குறைக்கக் குளத்துச் செடியை அள்ளி எறிந்தார்கள். செடி போனால் கொசு போகும், கொசு போனால் புழு போகும்.

இலங்கையில் 1960-களின் இறுதியில் புரூகியா மறைந்தே போயிற்று. மற்ற வகையும் கட்டுக்குள் வந்ததால், யானைக்காலைப் பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்ட நாடாக 2016-இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. ஆனால் நாற்பது ஆண்டுகள் தலைகாட்டாமல் இருந்த புரூகியா இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அங்கே மீண்டும் ஆங்காங்கே தென்படத் தொடங்கியிருந்தது. இவ்வளவு காலம் அது யாரிடம் ஒளிந்திருந்தது என்று தேடியவர்கள், மேன்சன் அமாயில் செய்ததைப் போலவே, இப்போது தெருநாய்களின் ரத்தத்தையும் பூனைகளின் ரத்தத்தையும் சில்லில் இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புழுக்குஞ்சுகள் அவற்றிலும் இருக்கின்றன.